புது மெஷின், ரெண்டரில் 95 பாகை: பயப்பட வேண்டுமா?

மாடிவீட்டு_மௌஸ் (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். முதல்முறையாக நானே ஒரு மெஷின் பூட்டியிருக்கிறேன். சாமான் எல்லாம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை. ரைசன் 5 7600எக்ஸ் புரொசசர், பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5, ஒற்றை ஃபேன் வைத்த டவர் கூலர், முன்பக்கம் வலை போட்ட கேசிங். கல்யாண வீடியோ எடிட் பண்ணுவதுதான் முக்கிய வேலை. இரவில் வீட்டில் கேமும் ஓடும்.

பிரச்சினை சூடு. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 47. பிரவுசரைத் திறந்தால் ஒரே நொடியில் 62க்குத் தாவி, மறுபடி இறங்குகிறது. கேமில் 72 முதல் 78 வரை. எடிட் முடித்த வீடியோவைக் கடைசிக் கோப்பாக்கும் ரெண்டரைப் போட்டால் நேராக 95க்கு ஏறி, அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 96 ஆவதும் இல்லை, 90க்கு வருவதும் இல்லை.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே புரொசசரில், இதே கூலரில் 85 காட்டுகிறார். வாங்கிய கடையில் கேட்டால் "வோட்டர் கூலர் போடுங்கோ, இல்லாட்டி அடிச்சுப் போகும்" என்கிறார்கள். பக்கத்துக் கடையில் "அது அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். கூலரைக் கழற்றிப் பார்த்தேன், சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் வடிவாகத்தான் பரவியிருந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டு மறுபடி பூட்டியும் அதே 95.

யாரை நம்புவது?


பழைய_பென்டியம் (மருதானை):

95ஆ! தம்பி, முதலில் ரெண்டரை நிறுத்துங்கள். நான் மெஷின் திருத்தத் தொடங்கிய காலத்திலிருந்து சொல்கிறேன்: 60 நல்லது, 70 கவனம், 80 ஆபத்து. தண்ணீர் கொதிப்பது 100இல். அதற்கு ஐந்து பாகை குறைவாக ஒரு சிப்பை நாள் முழுக்க ஓட்டினால் என்ன மிஞ்சும்?


சும்மா_வந்தவன்:

முட்டை அவிக்கலாம் அண்ணா, காஸ் மிச்சம்.


அரைப்_பொறியியலாளர் (கட்டுபெத்தை):

முட்டையை விடுங்கள், கேள்விக்கு வருவோம்.

95 என்ற எண் தற்செயலாக வந்தது அல்ல. 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசை வந்தபோது அதைச் செய்யும் ஏஎம்டி கம்பெனியே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது. இந்த சிப்களின் அதிகபட்ச இயக்க வெப்பநிலை 95. கனமான வேலை வந்தால் அந்த எல்லை வரை போய், அங்கே நின்று, எவ்வளவு வேகம் எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அப்படி ஓடினாலும் சேதமில்லை என்பதும் அவர்கள் சொன்னதே. நீங்கள் எழுதியதிலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது: 96 ஆகவில்லை. கட்டுப்பாடு இழந்த சூடு இப்படி ஓரிடத்தில் நிற்காது. 95ஐத் தொட்டதும் சிப் தன் மின்சாரத்தை அளந்து குறைத்துக்கொள்கிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது? கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் துண்டின் பரப்பு ஏறக்குறைய 71 சதுர மில்லிமீட்டர்தான். உங்கள் ரெண்டரில் அந்தத் துண்டு மட்டும் 80, 90 வாட் எரிக்கும். வீட்டு அயன் பொக்ஸ் 1000 வாட் என்றாலும் அதன் தட்டு அகலம். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் அளவில்தான் வரும். இந்தச் சிப்பில் அதே பரப்புக்கு 100 வாட்டுக்கு மேல். அதற்கு மேலே ஒரு தடித்த உலோக மூடி. முந்தைய ஏஎம்4 சொக்கெட்டின் கூலர்கள் இந்தச் சிப் உட்காரும் ஏஎம்5க்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியைத் தடிப்பாகவே வைத்தார்கள். கூலர் எவ்வளவு பெரிதானாலும் சூடு முதலில் அந்த மூடியைக் கடந்து வர வேண்டும்.

பிரவுசர் திறந்ததும் 62க்குத் தாவுவதும் இதே காரணம். ஒரு கோர் ஒரு கணம் 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை பாய்கிறது, சென்சார் அந்தக் கோருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூலரின் உலோகத்துக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் தம்பி, வெப்பநிலை மட்டும் தெரிந்தால் பாதிக் கதைதான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, ரெண்டர் ஓடும்போது இந்த மூன்றையும் சொல்லுங்கள்: பேக்கேஜ் பவர், அதாவது சிப் முழுவதும் எடுப்பது, எத்தனை வாட், எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும் வேகம் என்ன, அறையின் வெப்பநிலை என்ன. கடைசியானதைத்தான் யாரும் சொல்வதில்லை.


மாடிவீட்டு_மௌஸ்:

நன்றி அண்ணா. முதலில் ஒன்று: தம்பி இல்லை, தங்கச்சி.

அறையில் சுவர் மணிக்கூட்டோடு வரும் வெப்பமானி 31 காட்டுகிறது. மேல் மாடி, கொங்கிரீட் கூரை, பகல் வெயிலை இரவு பத்து மணிக்குத்தான் விடும். ஏசி இல்லை, சீலிங் ஃபேன் மட்டும். ரெண்டரில் 115 வாட், வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ் சொச்சம். சும்மா இருக்கும்போது 28 வாட்.


அரைப்_பொறியியலாளர்:

மன்னிக்க வேண்டும் தங்கச்சி.

உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது. கூலர் எதைச் செய்தாலும் அறையின் காற்றைவிடக் குளிராக்க முடியாது. ஆகவே 95 என்று பார்க்காதீர்கள், அறைக்கு மேல் எவ்வளவு என்று பாருங்கள். 95 கழித்தல் 31, 64 பாகை. 115 வாட்டுக்கு 64 என்றால் ஒரு வாட்டுக்கு 0.56 பாகை. இந்த விகிதம் ஒரு கூலருக்கு, ஒரு கேசிங்குக்கு, ஏறக்குறைய மாறாமல் இருக்கும். சரிபார்ப்போம்: சும்மா இருக்கும்போது 28 வாட். 28 தடவை 0.56, ஏறக்குறைய பதினாறு. 31ஐக் கூட்டினால் 47. நீங்கள் சொன்னதும் 47. ஆகவே இந்தக் கணக்கை நம்பலாம்.

இப்போது யூடியூப்காரரின் 85. அவருடைய அறை 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20, 22இல்தான் அளக்கின்றன. 21 கூட்டல் 64, 85. அவருடைய கூலரும் உங்களுடையதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நடுவில் இருக்கும் பத்துப் பாகை கொழும்பு.

சும்மா இருக்கும்போது 28 வாட் ஏன் என்று யாராவது கேட்பார்கள். ஏஎம்5 அப்படித்தான். நினைவகம், பிசிஐ எல்லாவற்றையும் பார்க்கும் தனித் துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது, அது தூங்குவதே இல்லை. எக்ஸ்போ என்ற செட்டிங்கைப் போட்டு ராமை வேகமாக்கினால் அது இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.


பழைய_பென்டியம்:

கணக்கெல்லாம் வடிவாக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரன் "சேதமில்லை" என்று சொல்வான்தானே, புதிதாக இன்னொன்று விற்க வேண்டாமா? என் கையில் கருகின ஏஎம்டியின் பழைய அத்லான் சிப்கள் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. அதை யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.


ராம்_ஸ்லொட் (தெஹிவளை):

அண்ணை சொல்வது பொய்யில்லை, காலம்தான் வேறு. 2001 பக்கத்து அத்லானில் கூலரைக் கழற்றினால் சில நொடியில் புகை. அந்த சிப்புக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, மதர்போர்டுதான் பார்க்க வேண்டும், பல போர்டுகள் பார்க்கவும் இல்லை. அதே நேரம் இன்டெல்லின் பென்டியம் 4 கூலர் இல்லாமலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அந்த ஆண்டு ஒரு வன்பொருள் தளம் போட்ட வீடியோ அப்போது பெரிய பேச்சு. இன்று இரண்டு கம்பெனியின் சிப்பும் பென்டியம் 4 வழிதான்.

"70க்கு மேல் கூடாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். கோர் 2 டுவோ ஈ6600க்கு இன்டெல் கொடுத்த எல்லை 60.1 பாகை. ஆனால் அது சிப்பின் உலோக மூடியின் மேல் நடுவில் அளக்கும் வெப்பநிலை. மென்பொருள் காட்டுவதோ உள்ளே கோரின் வெப்பநிலை. இரண்டும் வேறு, கோர் எப்போதும் அதிகம். அந்த 60ஐக் கோர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்த தலைமுறை நாங்கள். இப்போது கம்பெனிகள் தருவது நேரடியாகக் கோரின் எல்லை. ரைசன் 7600எக்ஸ் 95, ரைசன் 7 7800எக்ஸ்3டி 89, இன்டெல்லின் 12ஆம் தலைமுறையில் பெரும்பாலானவை 100. ஒன்றுக்கு உள்ளதை மற்றதுக்குப் பொருத்தக் கூடாது.


கொட்டாஞ்சேனை_கேமர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கதை வேறு மாதிரி. ஐ5 12400, பெட்டியோடு வந்த இன்டெல் கூலர். கடையிலேயே பூட்டித் தந்தார்கள். கேம் திறந்து கண் சிமிட்டுவதற்குள் 100. அப்புறம் வேகம் 2 சொச்சம் கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து கேம் இழுக்கிறது. மேலே சொன்ன "அது அப்படித்தான்" எனக்கும் பொருந்துமா?


அரைப்_பொறியியலாளர்:

இல்லை மச்சான், உன்னுடையது நோய்தான்.

12400இன் அடிப்படை 65 வாட், உச்சம் 117. கேமில் அவ்வளவும் எடுக்காது. அந்தச் சின்னக் கூலருக்கே போதும். 100ஐத் தொட்டதைவிட எனக்குச் சந்தேகம் தருவது, தொட எடுத்த நேரம். கூலரின் அலுமினியக் கட்டி சூடேற ஒரு நிமிடமாவது வேண்டும். ஒரு நொடியில் 100 என்றால் சூடு கட்டிக்குப் போகவே இல்லை, சிப்பிலேயே தேங்குகிறது. அதாவது தொடுகை இல்லை.

இந்தக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் "டக்" என்று விழ வேண்டும். போர்டைக் கேசிங்குக்குள் வைத்த பிறகு அழுத்தினால், போர்டு வளையும் என்ற பயத்தில் பலர் நாலாவதை முழுக்க அழுத்துவதில்லை. மெஷினைப் படுக்க வைத்து, ஒவ்வொரு முளையின் தலையையும் லேசாக மேலே இழுத்துப் பார். ஒன்று கையோடு வரும். வந்தால் கூலரை முழுக்க எடுத்து, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்து. போர்டின் பின்பக்கம் நாலு முளைகளின் கால்களும் விரிந்து வெளியே தெரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பதுதான் நிச்சயம்.

கூலர் ஃபேனின் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்.


உப்புக்காற்று (மரைன் டிரைவ்):

மெதுவாக ஏறும் ரகமும் உண்டு. எங்கள் வீட்டில் அதுதான். ஆரம்பத்தில் 70, அரை மணி நேரம் கழித்து 85. இது சிப்பும் இல்லை, பேஸ்டும் இல்லை, கேசிங்குக்குள் காற்று தேங்குவது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டுங்கள். ஐந்தாறு பாகைக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேசிங். இறங்காவிட்டால் கூலரைப் பாருங்கள்.

எங்கள் மெஷின் இருந்தது கணினி மேசையின் கீழே, "சிபியு வைக்கும் இடம்" என்று தச்சர் செய்து தந்த பலகைப் பெட்டிக்குள். கதவும் வைத்துச் செய்திருந்தார், பாவம், நல்ல வேலைப்பாடு. பின்னால் வெளியே தள்ளிய சூட்டையே முன்னால் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது மெஷின். வெளியே எடுத்து நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்ததும் 85, 76 ஆனது. ஒரு சதமும் செலவில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. இங்கே தூசு காய்ந்த தூசு இல்லை. ஈரப்பதமும் உப்பும் சேர்ந்து, கூலரின் தகடுகளுக்கு இடையில் பசை மாதிரிப் படிகிறது. புளோவர் அடித்தாலும் முழுக்கப் போகாது, மெல்லிய தூரிகை வேண்டும். கேசிங்கின் திருகாணிகள் துருப்பிடிக்கும். மலிவான ஃபேன்களின் பெயரிங் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கும். முன்வலையில் காந்தத் தூசுவடி ஒன்று போட்டு அடிக்கடி கழுவுங்கள். அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பெயரிங் போகும். துணி போட்டு மூடுவதென்றால் மெஷின் அணைத்திருக்கும்போது மட்டும். எங்கள் அம்மா ஒருமுறை ஓடிக்கொண்டிருந்ததையே அன்பாகப் போர்த்திவிட்டார்.


மாடிவீட்டு_மௌஸ்:

பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். வெப்பநிலை 95 அப்படியே, ஆனால் வேகம் துளி கூடியது, 5.1இலிருந்து 5.15 அளவுக்கு. இதற்கு என்ன அர்த்தம்?


அரைப்_பொறியியலாளர்:

அருமையான கேள்வி. எல்லையில் நிற்கும் சிப்புக்குக் கூடுதல் குளிர்ச்சி கிடைத்தால், முதலில் அதை வேகமாக மாற்றிக்கொள்ளும். வெப்பநிலை அப்புறம்தான் இறங்கும். 95இல் நிற்கும் மெஷினில் வெப்பநிலையைப் பார்த்துக் கூலரை எடைபோட முடியாது என்பது இதனால்தான், வேகத்தையும் வாட்டையும் பார்க்க வேண்டும். உங்கள் கேசிங் நன்றாகவே இருக்கிறது, கிடைத்தது ஒரு சதவீதம்.

வோட்டர் கூலருக்கும் இதே கதைதான். ஆறு கோர் சிப்புக்கு அது தரப்போவது 100, 200 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காசுக்கு இன்னொரு எஸ்எஸ்டி வாங்கினால் எடிட்டிங்குக்கு உதவும்.

எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் பயோஸில், அதாவது போர்டின் செட்டிங் பக்கத்தில், மின்சாரத்துக்கு எல்லை கட்டும் ஈகோ மோட் 65 வாட் என்பதைப் போடுங்கள். பெயர் 65 என்றாலும் சொக்கெட்டுக்குப் போகும் உச்சம் 88 வாட். என் கணக்கு: 88 தடவை 0.56, 49. 31ஐக் கூட்டினால் 80. வேகம் கொஞ்சம் குறையும். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.


பழைய_பென்டியம்:

ராம்_ஸ்லொட் சொன்ன மூடி விஷயம் சரி. அந்த 60ஐ நாங்கள் எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டோம். சிப்பை விட்டுவிடுகிறேன்.

ஆனால் இளசுகள் யாரும் பேசாத ஒன்று. சிப் 95 தாங்கும், பக்கத்தில் இருப்பவை? என் மேசைக்கு வரும் மெஷின்களில் புரொசசர் செத்தது அபூர்வம். சாவது பவர் சப்ளை, போர்டின் கெப்பாசிட்டர்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பொறியியலாளர்கள் சொல்லும் கைவாக்கு ஒன்று உண்டு: பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதி. வெளிநாட்டில் கேசிங்குக்குள் 35 இருக்கும் இடத்தில், இங்கே மேல் மாடியில் 45. ஆகவே கொழும்பில் நான் பார்ப்பது சிப்பின் எண்ணை அல்ல, மெஷினின் பின்பக்கம் கை வைத்தால் வரும் காற்றை. பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 230 வோல்ட் என்று எழுதியிருக்கும், சுவரில் வருவது எப்போதும் அதுவா?


அரைப்_பொறியியலாளர்:

இதை மறுக்க ஒன்றுமே இல்லை அண்ணா. சிப்புக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் வோல்டேஜ் ரெகுலேட்டரின் வெப்பநிலையும் எச்டபிள்யூஇன்ஃபோவில் வரும், பெரும்பாலும் விஆர்எம் அல்லது மோஸ் என்ற பெயரில். மேல்நோக்கி நிற்கும் டவர் கூலரின் ஃபேன் அந்தப் பக்கம் அதிகம் காற்றுத் தராது, பின் ஃபேன்தான் இழுக்க வேண்டும். கேசிங்கில் ஒரு ஃபேன் மட்டும்தான் இருக்கிறதென்றால் அது பின்னால் இருக்கட்டும்.


சும்மா_வந்தவன்:

என் மெஷினில் ஒக்ஸ்டின் என்று ஒன்று 127 பாகை காட்டுகிறது. இப்போது இதை எழுதிக்கொண்டிருப்பது மறுவுலகத்திலிருந்து.


ராம்_ஸ்லொட்:

சாகவில்லை, பயப்படாதீர்கள். போர்டின் கண்காணிப்பு சிப்பில் அந்த வழியில் சென்சாரே பூட்டியிருக்க மாட்டார்கள். வெறும் வாயிலைப் படித்தால் 127 அல்லது மைனஸ் எண் என்று ஏதாவது வரும். உண்மையான 127 என்றால் உடனே அணைந்திருக்கும், இப்படி அசையாமல் நிற்காது. அந்த வரியை மறைத்துவிடுங்கள்.

எண்ணைச் சந்தேகிக்க வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்கள் டிசிடிஎல் என்ற வரியைப் பார்த்தால் 20 பாகை கூடுதலாக இருக்கும். ஃபேனை எல்லா மொடலிலும் ஒரே மாதிரி ஓட்டுவதற்காக ஏஎம்டி வேண்டுமென்றே கூட்டி வைத்த 20 அது. டிடை என்ற வரி காட்டுவதுதான் உண்மையான வெப்பநிலை. யூனிட்டி பிளாசாவில் பாவித்த மெஷின் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், சூடான மெஷின் என்று நல்லதை விட்டுவிடாதீர்கள். இன்டெல் பக்கம் வேறு கதை: சென்சார் அளப்பது எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை. எல்லைக்குக் கிட்டத்தான் அது நம்பகமானது. சும்மா இருக்கும்போது ஒரு கோர் 33, பக்கத்துக் கோர் 39 என்று காட்டினால் அதில் தலையை உடைக்காதீர்கள்.


மாடிவீட்டு_மௌஸ்:

ஈகோ மோட் போட்டாயிற்று. ரெண்டரில் 78. நீங்கள் சொன்னது 80! அறை இன்று மழைக்குப் பிறகு 30. வேகம் 4.95. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் முன்பு 15,100 புள்ளி அளவில் வந்தது, இப்போது 14,300. வீடியோ ரெண்டரில் வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை. கேமில் பிரேம் குறையவில்லை என்று வீட்டு விமர்சகர் சான்றிதழ் தந்துவிட்டார். முக்கியமாகச் சத்தம் போய்விட்டது.

ஒரே ஒரு எரிச்சல் மிச்சம். பிரவுசர் திறக்கும்போதெல்லாம் ஃபேன் ஒருமுறை "விர்" என்று எழும்பி அடங்குகிறது.


உப்புக்காற்று:

அதற்கு ஃபேன் கேர்வை, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோட்டை, திருத்துங்கள். பயோஸில் 70 பாகை வரை ஃபேனை ஒரே மெதுவான வேகத்தில் நேர்கோடாக வைத்துவிட்டு, அதற்கு மேல் ஏறவிடுங்கள். ஏறுவதற்கு முன் சில நொடி தாமதிக்கும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கும். ஒரு நொடி தாவலுக்கு ஃபேன் ஓடி வர வேண்டியதில்லை. மூன்று பின் ஃபேன் என்றால் டிசி, நாலு பின் என்றால் பிடபிள்யூஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மாறிக் கிடந்தால் கேர்வ் வேலை செய்யாது.


அரைப்_பொறியியலாளர்:

800 புள்ளி குறைந்தது, ஐந்து சதவீதம். வாட்டில் கால்வாசி குறைந்தது. கரண்ட் பில் வரும் நாட்டில் இது நல்ல பேரம். இன்னும் விருப்பமிருந்தால் பயோஸில் வோல்டேஜைக் குறைக்க உதவும் கேர்வ் ஒப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 15 போடுங்கள், அதே வாட்டில் கொஞ்சம் வேகம் திரும்பி வரும். ஒரேயடியாக மைனஸ் 30 போடாதீர்கள். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முழுக்கத் தாங்கிவிட்டு, நீங்கள் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். லோட் இல்லாத நேரத்தில்தான் அது வழுக்கும்.

பயோஸையும் புதுப்பித்துவிடுங்கள். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி சிப்கள் சில கருகியது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது நினைவகத்தைப் பார்க்கும் அந்தத் தனித் துண்டுக்குப் போவதை, 1.3க்கு மேல் போக விடாமல் கட்டினார்கள். உங்கள் சிப் அந்த வகை இல்லை என்றாலும், எக்ஸ்போ போட்டு ராம் ஓட்டுவதால் புது பயோஸ் இருப்பது நல்லது. கவனித்தீர்களா, அந்தச் சிப்கள் போனதற்கு மூலம் கூலர் இல்லை, வோல்டேஜ்.


கொட்டாஞ்சேனை_கேமர்:

அறிக்கை: இடது மேல் மூலை முளை கையோடு வந்தது. பூட்டவே இல்லை, சும்மா செருகி வைத்திருக்கிறார்கள். சொன்னபடி செய்தேன். இப்போது கேமில் 64, சினிபெஞ்சில் 77, வேகம் 4 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கிறது. இந்தப் போர்டு வாங்கியதிலிருந்து இப்படியே ஓடியிருக்கிறது. கடைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "வெயில் காலம்தானே" என்றார்கள்.


சும்மா_வந்தவன்:

அறைக்கு ஏசி போட்டால் எல்லாம் தீருமே?


ராம்_ஸ்லொட்:

அறை 31இலிருந்து 25க்கு வந்தால் சிப்பும் ஏறக்குறைய ஆறு பாகை இறங்கும், அவ்வளவுதான். மறுபக்கத்தையும் யோசியுங்கள். மெஷின் சுவரிலிருந்து எடுக்கும் வாட் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வருகிறது. கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 350 வாட் ஓடினால், கதவைச் சாத்திய சின்ன அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டர் எரிகிறது. வோட்டர் கூலர் போட்டாலும் அதே 350 அறைக்குள்தான். கதவைத் திறந்து வைத்து, ஜன்னல் பக்கம் காற்று போக விடுங்கள். சீலிங் ஃபேன் சிப்பைக் குளிராக்காது, ஆனால் மெஷினுக்குப் பின்னால் தேங்கும் சூட்டைக் கலைக்கும். அதுவே போதும்.


புறக்கோட்டை_பையன்:

இழை முழுக்க வாசித்தேன், ஒரு கேள்வி. என்னிடம் ஐ7 13700கே. வெப்பநிலை 80 தாண்டுவதில்லை, ஆனால் கேம்கள் காரணமில்லாமல் மூடிக்கொள்கின்றன, விடியோ மெமரி போதவில்லை என்று பிழை வருகிறது. கார்டில் 12 ஜிபி இருக்கிறது. சூடு இல்லையே, வேறு என்ன?


அரைப்_பொறியியலாளர்:

இதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஆனால் அதற்கு முன் இதைச் செய்யுங்கள். 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, காலப்போக்கில் சிப் நிலைகுலையும் குறை இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. விடியோ மெமரி என்று வரும் அந்தப் பிழை இதன் பிரபலமான அறிகுறி. 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோட் (சிப்பின் உள் கட்டளைகளுக்கான திருத்தம்) உள்ள பயோஸ் உங்கள் போர்டுக்கு வந்திருக்கும், 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அதைப் போடுங்கள், பவர் செட்டிங்கை இன்டெல் டிஃபோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் மூடிக்கொண்டால் சிப் ஏற்கனவே பாதிக்கப்பட்டிருக்கிறது, பயோஸ் அதைத் திருப்பித் தராது. பாதிக்கப்பட்ட மொடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். பெட்டியையும் எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், சீரியல் எண் அதில் இருக்கும்.


பழைய_பென்டியம்:

மெஷினுக்கு முதலில் பேக்கப் எடுங்கள் தம்பி. நிலைகுலைந்த சிப் கேமை மட்டும் மூடாது, கோப்பையும் கெடுக்கும்.


புறக்கோட்டை_பையன்:

பில் இருக்கிறது. பெட்டி அம்மாவின் தையல் சாமானோடு இருக்கிறது. இன்று இரவு பேக்கப், நாளை பயோஸ். புது இழையில் எழுதுகிறேன்.